சோப்பு டப்பா சொன்ன பொய்

பக்கிரி சிரித்துக்கொண்டேதான் வந்தார். கெட்ட சேதி கொண்டுவருகிறோம் என்பது பாவம், அவருக்கே தெரியாது.

"ஏம்மா, என் மோட்டாருக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, மஞ்சள் பைக்குள்ளிருந்து செல்போன் ஸ்டார்ட்டர் போர்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நேத்து சாயங்காலம் ஓடிக்கிட்டிருக்கும்போதே கரண்டு போயிடுச்சு. திரும்ப வந்தா ஓட வேணாம்னு போன்லயே நிறுத்திட்டேன். நிறுத்தியாச்சுன்னு மெசேஜும் வந்துச்சு. காலையில போய்ப் பார்க்கிறேன், கரண்டு வந்ததும் அதுவா எடுத்து ஓடியிருக்கு. நட்ட வயல் ரெண்டு மா முழுகிக் கிடக்கு. கொட்டகையில படுத்திருந்த நாய் பயந்துபோயி வீட்டுக்கே ஓடியாந்துடுச்சு."

நாயைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சிரித்தார். லத்தீஃபா சிரிக்கவில்லை. போர்டின் மூலையில், கற்கண்டுக் கட்டி மாதிரி உட்கார்ந்திருந்த, மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்து அறுக்கிற நீல ரிலேயைப் பார்த்தாள். அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அவள் கையால் வைத்த பொட்டு. 

குடவாசலில் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில், வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டு வேலை பார்ப்பவள் லத்தீஃபா. வயது நாற்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட, அந்தச் சான்றிதழ் பதினாறு வருஷம் பீரோவில் புடவைக்கு அடியில் தூங்கியது. கணவர் உபைதுல்லா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவர் ஒரு விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு சார்ஜர் என்று ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லாம் தூக்கிப்போடச் சொன்ன தன் ஸ்டார்ட்டர் போர்டை முதன்முதலில் அவளிடம் கொண்டுவந்தவர் பக்கிரிதான். அதில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. மாற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து போர்டுகள் மஞ்சள் பையில் வர ஆரம்பித்தன. "வேலை பார்க்கிற ஆம்பளை யாரும் இல்லையா?" என்று வாசலில் நின்று கேட்டவர்களும் உண்டு. "இருக்காங்க, மஸ்கட்டுல. போர்டைப் பார்சல்ல அனுப்பிவிடட்டுமா?" என்பாள். கேட்டவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

ஆனால் வாய்த் துடுக்கு வாசலோடு சரி. உள்ளுக்குள் அவள் பயந்த சுபாவம். ஒரு போர்டு திரும்பி வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு தப்பு நடந்தால் போதும், பொம்பளை பார்த்த வேலை என்று நாலு ஊருக்கும் தெரிந்துவிடும், மேசையை மடக்கிவிட்டு அடுப்படிக்குப் போகவேண்டியதுதான் என்று அவளுக்குள் ஒரு கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது வந்த பயம் அந்த ரகம் இல்லை. இதற்கு ஊரின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மோட்டார் ஒயரில் கை வைக்கப் போகிறவர், கொட்டகைக்கு நடந்து போய், மூன்று பீங்கான் பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வருவார். கட்டை மடியில் இருக்கும்வரை எந்தக் கொம்பனாலும் அந்த மோட்டாருக்குக் கரண்டு கொடுக்க முடியாது. செல்போன் ஸ்டார்ட்டர் வந்த பிறகு யார் நடக்கிறார்கள்? வீட்டிலிருந்தபடியே நிறுத்து என்று அழுத்த வேண்டியது. நிறுத்தியாச்சு என்று மெசேஜ் வந்ததும் சேற்றுக்குள் கையை விட வேண்டியது. அந்த மெசேஜை அனுப்புவது மோட்டார் இல்லை, போர்டு; கரண்டு போனாலும் அதற்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. நான் சொல்லிவிட்டேன் என்றுதான் அது சொல்லும். சொன்னதை மோட்டார் கேட்டதா என்று எட்டிப் பார்க்காது. நாய் படுத்திருந்த இடத்தில் பக்கிரி உட்கார்ந்து ஒயரைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த நீல ரிலே இருபது நாளைக்கு முன் போட்டது. குறுவை நடவு நேரம். புது ரிலேக்கள் வந்துசேரவில்லை. நாற்று முற்றுகிறது என்று நாலு பேர் வாசலில் நின்றார்கள். மூலையில் கிடந்த செத்துப்போன ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து நாலு ரிலேக்களைப் பிடுங்கினாள். பத்து வருஷம் யார் வீட்டு ஃபிரிட்ஜுக்கோ உழைத்தவை. சும்மா மாட்டிவிடவில்லை, ஒவ்வொன்றையும் தன் சோதனைப் பெட்டியில் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினாள்.

அந்தப் பெட்டி அவளே செய்தது. ஒரு பழைய சோப்பு டப்பா, ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு பச்சை எல்இடி, ஒயர் நுனியில் இரண்டு தையல் ஊசிகள். ரிலேயின் காயிலுக்கு அடாப்டரிலிருந்து கரண்டு கொடுத்தால் உள்ளே டிக்கென்று நாக்கு போய் ஒட்டும், பாதை சேர்ந்து பச்சை எரியும். கொடுத்ததை எடுத்தால் நாக்கு விலகி, பச்சை அணையும். எரிந்து அணைந்தால் நல்ல ரிலே, தலையில் சிவப்புப் பொட்டு. நெயில் பாலிஷ் போட்டால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு சேராது என்று அவள் நகத்துக்கு மருதாணிதான். அந்த நெயில் பாலிஷ் பாட்டில் ரிலேக்களுக்காகவே வாங்கியது.

பக்கிரியின் ரிலேயைக் கழற்றி, சோப்பு டப்பாவில் வைத்தாள். டிக். பச்சை எரிந்தது. எடுத்தாள். அணைந்தது. முப்பது தடவை பார்த்தாள். முப்பது தடவையும் எரிந்து அணைந்தது. நல்ல ரிலே என்று சத்தியமே செய்தது டப்பா.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் பக்கிரி. "அப்ப பேய்தான்."

லத்தீஃபாவுக்கோ, கெட்டது என்று டப்பா சொல்லியிருந்தால்கூட இத்தனை பயம் வந்திருக்காது. பிளேடால் ரிலேயின் மூடியைச் சீவித் திறந்தாள். உள்ளே நாக்கின் நுனியில் அரிசியில் பாதிகூட இல்லாத உலோகப் புள்ளி. பளபளவென்று இருக்க வேண்டியது கரிந்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எல்இடி குடிக்கிற கரண்டு எறும்பு குடிக்கிற தண்ணீர் அளவு. ஸ்டார்ட்டரோ எடுத்த எடுப்பில் ஒரு பெரிய மடக்கு இழுக்கும். அந்த ஒரு மடக்கில் பொறி பறந்து, தேய்ந்த உலோகம் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது ஒட்டினபடி இருக்க, கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். பிறகு பக்கிரியின் மொபெட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் குலுங்கி வந்ததில் விட்டுப்போயிருக்கும். எறும்பை வைத்துச் சோதித்துவிட்டு யானைக்குப் பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்றாள். "இன்னொண்ணு செஞ்சு பார்த்துடுறேன்."

அடுப்படியிலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டில் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குச் சூடு வைத்துவிட்டு மிச்சம் கொடுத்த இருநூறு வாட் குண்டு பல்புகள் இரண்டு பரணில் கிடந்தன. இரண்டு ஹோல்டர்களைப் பலகையில் திருகினாள். வீட்டுக் கரண்டு ஒரு பீஸ் கம்பி வழியாக வந்து, ரிலேயின் நாக்கைத் தாண்டித்தான் பல்புகளுக்குப் போக வேண்டும். ரிலேயின் காயிலுக்கு அடாப்டர், நடுவே ஒரு காலிங்பெல் சுவிட்ச். அவ்வளவுதான். சுவிட்சை அழுத்தினால் பல்பு எரிய வேண்டும், விரலை எடுத்தால் அணைய வேண்டும். குளிர்ந்து கிடக்கிற குண்டு பல்பும் முதல் நொடியில் ஸ்டார்ட்டர் மாதிரியே ஒரு பெரிய மடக்கு இழுக்கும்.

இருபது நிமிஷ வேலை. ஆனால் திறந்த பலகையில் இருநூற்று முப்பது வோல்ட் ஓடுகிறது என்பதால் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினாள்.

அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். விரலை எடுத்தாள். அணைந்தது. ஆறவிட்டு மறுபடி அழுத்தினாள். எடுத்தாள். அணைந்தது. ஐந்து. ஆறு. ஒட்டாமல் இருந்துவிட்டால் நல்லது, ஒட்டிவிட்டாலும் நல்லது, எதைக் கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டு. ஒன்பதாவது தடவை விரலை எடுத்தாள். பல்புகள் எரிந்துகொண்டே இருந்தன.

"கையை எடுத்துட்டியேம்மா" என்றார் பக்கிரி.

"எடுத்துட்டேண்ணே."

இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லத்தீஃபா ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். பல்புகள் அணைந்தன. பக்கிரியின் முகத்தில் இருந்த சிரிப்பும் போயிற்று. "அந்த மிஷினை நம்பித்தானே நான் ஒயர்ல கை வைக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "இந்தப் பொட்டு வச்சது இன்னும் எத்தனைம்மா வெளியில இருக்கு?" என்று கேட்டார்.

மூன்று. போர்டு வாங்கிப்போகிறவர் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, போர்டோடு சேர்த்துப் போனில் படம் எடுத்து வைப்பது அவள் வழக்கம். தள்ளிப் பார்த்தாள். நாகநாதன், அஹமது கபீர், வைரக்கண்ணு. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கூப்பிட வேண்டியதுதான். ஆனால் என்னவென்று சொல்வது? கழித்துப்போட்ட சாமானை உங்கள் மோட்டாரில் மாட்டினேன் என்றா? சொல்லிவிட்டால் அதோடு இந்த மேசைக்கு யார் வருவார்கள்? உயிர் போகிற காரியத்தில் இதையும் நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தாள்.

அதனால் நாகநாதனிடம் பொய் சொன்னாள். "அண்ணே, போர்டுல ஒரு சின்ன செட்டிங் மாத்தணும். அதுவரைக்கும் பீஸ் கட்டையப் பிடுங்கி வச்சிடுங்களேன்." அவர் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தார். அப்போதே பிடுங்கிவிட்டேன் என்றார். கபீர் பாயின் மோட்டார் காயில் எரிந்து, கட்டுவதற்குக் கடையில் கிடந்தது. அவர் விஷயத்திலும் ஆபத்தில்லை. பொய் நன்றாக வேலை செய்தது. கொஞ்சம் மூச்சுகூட வந்தது லத்தீஃபாவுக்கு.

வைரக்கண்ணுவின் போனை அவர் மனைவி வள்ளியம்மை எடுத்தாள்.

"அக்கா, லத்தீஃபா பேசுறேன். அண்ணன் இல்லீங்களா?"

"வயலுக்குப் போயிருக்காரும்மா. ஒயரு ஜாயிண்டு தண்ணியில நனைஞ்சு கருகிப்போச்சாம். அத வெட்டி வேற போட்டுக்கிட்டிருக்காரு. காலையில ஓடுறப்பவே கரண்டு போயிடுச்சு, நான்தான் போன்ல நிறுத்தி வச்சேன். முடிச்சிட்டுக் கத்துவாரு, ஆன் பண்ணணும். பன்னண்டு மணிக்குத்தானே கரண்டு வரும்."

பக்கிரி சொன்ன அதே கதை. ஓடும்போதே கரண்டு போனது, போனில் நிறுத்தியது. 

"அக்கா, போர்டுல ஒரு சின்ன செட்டிங் மாத்தணும். நீங்க கொஞ்சம் ஓடிப்போய் அண்ணன வேலைய நிறுத்தச் சொல்லி..."

"செட்டிங்குதானே? சாப்பிட வருவாரு, சொல்றேன். மோட்டார்தான் நிறுத்தியாச்சே, மெசேஜ் கையில இருக்கு. அவரு ஒயரைப் பல்லால சீவிக்கிட்டு உக்காந்திருக்காரு, இப்பப் போய்க் கூப்பிட்டா வள்ளுன்னு விழுவாரு."

பல்லால். லத்தீஃபா கண்ணை மூடினாள். பொய் இங்கே செல்லவில்லை. ஒரு சின்ன செட்டிங்குக்காக யாரும் அரைக் கிலோமீட்டர் ஓட மாட்டார்கள்.

"அக்கா, செட்டிங் இல்லை. பொய் சொன்னேன். நான் போட்டுக் கொடுத்த சாமான் கெட்டது. மெசேஜை நம்பாதீங்க. கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடும். அண்ணன் கை ஒயர்ல இருக்கு. ஓடுங்க."

மறுமுனையில் தரையில் போன் விழுந்த சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்துபோயிற்று. நாலைந்து நிமிஷம் விடாமல் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அவள் கையிலேயே போன் அலறியது. நாகநாதன். "ஏம்மா, இன்னைக்குக் கரண்டு முன்னாடியே வந்துடுச்சு. இங்க லைட்டு எரியுது. கட்டையப் போட்டுடலாமா?"

"போடாதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். நாகநாதன் ஊரும் வைரக்கண்ணு ஊரும் வேறு வேறுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே லைன். மணி பதினொன்று நாற்பது.

ஸ்கூட்டியை அவள் ஓட்ட, பக்கிரி பின்னால் உட்கார்ந்தார். வேட்டி பறக்கப் பறக்கப் பிடித்துக்கொண்டு, "பார்த்தும்மா, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் அவள் வாய் எதையோ ஓதிக்கொண்டிருந்தது, பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வள்ளியம்மையின் வீட்டு வாசல் திறந்து கிடந்தது. அரிசி களைந்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் போன் கவிழ்ந்து கிடந்தது. ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துவிட்டு வரப்பில் ஓடினார்கள்.

கொட்டகை கண்ணில் பட்டது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

குறுவையில் அதைவிடச் சந்தோஷமான காட்சி அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. லத்தீஃபா இன்னும் வேகமாக ஓடினாள். யாரும் ஆன் பண்ணாத மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிவப்புப் பொட்டு வைத்து அனுப்பியது அதை ஓட்டிக்கொண்டிருந்தது.

"உக்காந்திருக்காரும்மா" என்றார் பக்கிரி, பின்னாலிருந்து மூச்சு வாங்கியபடி. "அங்க பாரு, வேப்பமரத்தண்ட."

வைரக்கண்ணு வரப்பில் உட்கார்ந்திருந்தார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. பக்கத்தில் வள்ளியம்மை, கால் பெருவிரலில் ரத்தத்தோடு.  பத்தடி தள்ளி ஈர மண்ணில் ஒயர் கிடந்தது. ஒரு முறுக்கில் கறுப்பு டேப் சுற்றி முடித்திருந்தது. இன்னொன்றில் பாதி. மூன்றாவது வெறும் செம்பாகப் பளபளத்தது.

லத்தீஃபா அவர்களிடம் போகவில்லை. நேரே கொட்டகைக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று கட்டைகளையும் பிடுங்கினாள். இனி ஸ்டார்ட்டரில் கையாலேயே பட்டன் அழுத்தி ஓட்டட்டும் என்று போர்டையும் திருகிக் கழற்றினாள். தண்ணீர் மெலிந்து நின்றது. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வந்து அவர்கள் முன்னால் நின்றாள்.

"டேப்பை வாயில கடிச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டிருந்தேன்" என்றார் வைரக்கண்ணு. யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "இவ கத்திக்கிட்டு ஓடியாந்தா. என்னன்னு காதுல விழலை. எங்கண்ணன் படுத்த படுக்கையா கிடக்காரு, அவருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு ஒயரைப் போட்டுட்டு மேல வந்தேன். இந்த மரத்துக்கு வந்திருப்பேன். பின்னால தண்ணி கொட்டுற சத்தம்." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வள்ளியம்மை எழுந்தாள். அடிப்பாள் என்றுதான் லத்தீஃபா நினைத்தாள், நகரவில்லை.

"மொதல்ல எதுக்குச் செட்டிங்னு சொன்ன?"

அந்தக் கேள்வியைத்தான் லத்தீஃபா எதிர்பார்க்கவில்லை. "பயந்துட்டேன்க்கா" என்றாள். "இனிமே யாரும் எங்கிட்ட வரமாட்டாங்களேன்னு பயந்துட்டேன்."

வள்ளியம்மை திரும்ப வரப்பில் உட்கார்ந்தாள். லத்தீஃபா அங்கே நின்றபடியே நாகநாதனைக் கூப்பிட்டாள், கபீர் பாயைக் கூப்பிட்டாள், உள்ளதை உள்ளபடி சொன்னாள். கபீர் பாய் முழுதும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். நாகநாதன் வாய்க்கு வந்தபடி திட்டினார். கேட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நட்ட வயலில் நாற்று துவண்டு கிடந்தது. யாருக்கு என்ன நடந்தாலும் அதற்குத் தண்ணீர் வேண்டும். வைரக்கண்ணு டேப் உருளையைத் தேடி எடுத்தார். மீதி ஜாயிண்டை முடித்தாக வேண்டும். ஒயர் பக்கம் நாலு எட்டு வைத்தவர் நின்று, பழைய வழக்கப்படி கட்டைகளை மடியில் கட்டிக்கொள்ள லத்தீஃபாவிடம் கை நீட்டினார்.

"அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள் வள்ளியம்மை. லத்தீஃபாவைப் பார்த்துச் சொன்னாள்: "பிடிச்சுக்க. அவரு மேல வர்ற வரைக்கும் யாரு கேட்டாலும் கொடுக்காத. நான் கேட்டாலும் கொடுக்காத."

லத்தீஃபா மூன்று கட்டைகளையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வைரக்கண்ணு ஈரத்தில் குந்தி, வெறும் செம்பைக் கையில் எடுத்தார்.  கட்டை தன் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் குனிந்து எண்ணிப் பார்த்தாள். மூன்று. அவர் டேப்பை இழுத்துச் சுற்றினார். பல்லால் கடித்து அறுத்தார். அவள் மறுபடி எண்ணினாள். பக்கிரி கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், யாராவது உள்ளே போய்விடப் போகிறார்கள் என்பதுபோல.

ஒருவழியாக வைரக்கண்ணு எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். "முடிஞ்சுதும்மா. கட்டையக் கொடு" என்றார்.

லத்தீஃபா கையை நீட்டினாள். விரல்கள் விரியவில்லை. கொடுக்கத்தான் நினைக்கிறாள், கை கேட்கவில்லை. வள்ளியம்மை பக்கத்தில் வந்து அந்தக் கையைத் தன் கையில் வாங்கி, விரல் விரலாகப் பிரித்தாள். பீங்கானின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.

"விடும்மா" என்றாள் வள்ளியம்மை. "மேல வந்துட்டாரு."